ஒயின் ஸ்டாண்டின் முதுகில் நீலச் சுவர்

தென்காசியில் நாங்கள் குடிவந்திருக்கும் வீட்டுச் சமையலறைத் தரையில், நேற்று அந்த ஒயின் ஸ்டாண்டு குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் குற்றாலத்து வாடகை வீட்டின் நீலச் சுவர் பூச்சோடு பெயர்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டிவிட ஆசாரி உளியை எடுத்தார். கட்டியை மட்டும் தட்டிவிட்டு நீலத்தை விட்டுவிடச் சொன்னேன். சொன்னது சரிதானா என்று அப்புறம்தான் யோசித்தேன்.

அதைச் செய்தவர் என் கொழுந்தன். ராணுவத்தில் இருந்தார். என் மகள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிய வருஷம், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தார். பீங்கான் பரணியில் திராட்சையும் சீனியும் கோதுமையும் போட்டு வைத்திருந்த ஒயினை அத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பாட்டில்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றபடிதான் இருக்கும். அவரோ அதிகாரிகளின் மெஸ்ஸில் வேறு விதமாகப் பார்த்திருந்தார். சீசன் முடிந்து பழக்கடைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பெட்டிகளைப் பிரித்து, பலகையை இழைத்து, பாட்டிலின் கழுத்து உட்காரும்படி பிறை பிறையாக அறுத்தார்.

"ஏலே, படுக்கப் போட்டா ஒழுகிராதா?"

"தக்கை நனைஞ்சே கெடக்கணும்மா. காஞ்சா காத்து உள்ள போயிரும்."

"குடிச்ச டம்ளரக் கழுவத் தெரியாது. தொரைக்குத் தக்கை நனையணுமாம்" என்றார்கள் அத்தை.

எனக்கு ஒரே கவலை, பிள்ளை பிடித்து இழுத்துவிட்டால்? சுவரில் மாட்டிய பிறகும் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். நான் ஆட்டும்போதெல்லாம் அவர் சலிக்காமல் இன்னொரு ஸ்க்ரூ முடுக்கினார். பிறகு வாடகை வீட்டுச் சுவரை நினைத்தும் கவலைப்பட்டேன்.

"மதினி, இனி செவரு விழுந்தாலும் இது விழாது" என்று சிரித்தார். மேல் வரிசையில் ஒரு பாட்டிலைத் தனியாக வைத்து, அது பாப்பா கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு என்றார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பே, மலைப்பாதையில் அவர் போன வண்டி கவிழ்ந்தது. அத்தை அதற்குப் பிறகு திராட்சை வாங்கவில்லை. அந்த ஒரு பாட்டில் மட்டும் அங்கேயே கிடந்தது.

வீடு மாறும்போது, சாரலில் துருவேறிய ஸ்க்ரூ எதுவும் அசையவில்லை. பலகையை அறுத்தால்தான் வரும், பழப்பெட்டிதானே என்றார் ஆசாரி. நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். பாட்டிலை மடியில் வைத்திருந்த அத்தை நிமிர்ந்தார்கள்.

"செவர ஒடைங்க. பூசிக் குடுத்திருதோம். பலகையில கை வைக்காதிய."

மகளுக்கு வருகிற வருஷம் புதுநன்மை. அந்த ஒயின் புளித்துப் போயிருக்குமோ என்று தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை. அவள் இனி இதையெல்லாம் இழுக்க மாட்டாள், சும்மா சாத்தி வைத்தால் போதும் என்றார் கணவர். நாலு ஸ்க்ரூ தாராளம் என்றார் ஆசாரி. நியாயம்தான்.

"இருக்கிற ஓட்டையில எல்லாம் போட்டுருங்க, அண்ணாச்சி" என்றேன்.

அவர் முடித்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அத்தை பாட்டிலைக் கொண்டுவந்து, தக்கை நனையும்படி கழுத்தைச் சற்றுத் தாழ்த்தி, அதன் பழைய பிறையில் படுக்க வைத்தார்கள்.