அவர் போட்ட லாஸ் வேகாஸ் திட்டம்

அமெரிக்காவில் இருக்கும் மகன், மருமகளோடு லாஸ் வேகாஸ் போகத் திட்டம் போட்டதே என் வீட்டுக்காரர்தான். வார நாளில் வாடகை குறைவு, நாலு பேருக்கும் ஒரே ரூம் போதும், புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம் என்று கருமத்தம்பட்டியில் இருந்தபடியே எல்லாம் முடிவுசெய்தார்.

எனக்கு விசா கிடைத்தது. அவருக்கு மறுத்துவிட்டார்கள்.

"நீ போயிட்டு வா அம்மணி. தறியை நான் பாத்துக்கறேன்."

அங்கே ரூம் ஜன்னலைத் திறந்தால், பாலைவனமே பற்றி எரிகிற மாதிரி வெளிச்சம். அன்றைக்குப் பார்த்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

"லைட்டெல்லாம் எப்படி இருக்குது அம்மணி?"

"ஒண்ணும் பெருசா இல்லீங்க. நம்மூரு மாரியம்மன் நோம்பிக்குப் போடற சீரியல் லைட்டாட்டந்தானுங்க."

சிரித்தார்.

ஊருக்கு வந்து போட்டோக்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவரும் கடைசிவரை கேட்கவேயில்லை. பார்த்தால் என் பொய் தெரிந்துபோகும் என்றுதான் கேட்காமல் இருந்தாரோ என்னவோ.