மகளின் புக்மார்க்குகள்

ஆவணக் காப்பறையில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவருக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் காத்திருந்த நேரத்தில் அங்கே கிடந்த பழைய பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிவிட்டு வந்தவர். இவரை விட்டால் மழைத்துளிக்கும் எண் போட்டுவிடுவார் என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். 'கோப்பு சார்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் மகளும் மட்டும். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது லேப்டாப் வாங்கி, பிரவுசரில் தன் கணக்கையே போட்டுக் கொடுத்தார். வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி, அவளுடையது, எதில் ஒரு பக்கத்தை புக்மார்க்காகக் குறித்துவைத்தாலும் மற்ற இரண்டிலும் வந்து நிற்கும். "என் பாடத்துக்கு நடுவுல உங்க மூட்டுவலி வைத்தியம் வருதுப்பா" என்று சிரிப்பாள்.

பிறகு அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இனி இந்தப் படி ஏறாதே என்றார். ஏறவில்லை. கணக்கைப் பிரிக்க அவளுக்குத் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியது, செய்யவில்லை. தன் பங்குக்கு எதையும் குறித்துவைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

தினமும் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். வாடகை வீடுகள் வந்தன. யாரோ விற்கிற பழைய கட்டில் வந்தது. ஒருநாள், கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் என்னென்ன சாப்பிடலாம் என்றொரு பக்கம். அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் காரணம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் தொட்டில்கள், பெயர்ப் பட்டியல்கள். போன் செய்தால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். அவளே பேசட்டும் என்று இருந்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரே நாளில் ஆறு பக்கங்கள் வந்தன. ஆறும் கருச்சிதைவுக்குப் பிறகு உடம்பைத் தேற்றுவது பற்றி.

தொட்டில்களுக்கு நடுவே அவை கிடப்பது பொறுக்கவில்லை. கை தானாகப் போனது. புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, 'மருத்துவம்' என்று பெயரிட்டு, ஆறையும் அதற்குள் நகர்த்தினார்.

சாயங்காலம் போன் வந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவை.

"மருத்துவம்னு பேர் வச்சது நீங்கதானேப்பா?"

"அங்கங்க கிடந்துச்சும்மா" என்றார்.

"அப்போ இத்தனை நாளா எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்திருக்கீங்க."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பாத்தது பரவாயில்லப்பா. தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலையே."

வரட்டுமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை.

மறுநாள் புதிதாக ஒன்றும் வந்திருக்கவில்லை. பிரவுசர் கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டு கணினிகள்தான் இருந்தன, அவளுடையது இல்லை. அதுவரை தலைப்பை மட்டுமே படித்து அடுக்கிவைத்திருந்த ஆறு பக்கங்களில் முதலாவதைத் திறந்து, வரி விடாமல் படித்தார். முதல் சில நாட்கள் சொந்தத்தில் யாராவது கூடவே இருப்பது நல்லது என்று எழுதியிருந்தது.