சுவரில் தெரிந்த சுமாஷ் தாய்மார்

பலெர்மோவில் கோடை வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நகரமே கண்மூடிவிடும். தெற்கிலிருந்து வெக்கைக் காற்று அடிக்கும் நாட்களில் நாய்கூடக் குரைக்காது. லிபெர்த்தாத் தெருவில் நான் தங்கி வேலைசெய்த வீட்டின் எசமானி, சின்யோரா, மரச் சாளரங்களையெல்லாம் சாத்தச் சொல்லுவா. அப்படி இருட்டாக்கிய கூடத்தில்தான், கலிபோர்னியாக் கடற்கரைப் பழங்குடிகளான சுமாஷ் மனிதரைப் படத்தில் முதன்முதலாகக் கண்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சின்யோராவின் தம்பி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. கலிபோர்னியாவில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே பழங்குடிகளை மதம் மாற்ற ஸ்பானியர் கட்டிய பழைய மிஷன்களைப் பற்றித் தேவாலயத்தில் ஒரு பேச்சுப் பேச இருந்தார். அதை ஒத்திகை பார்க்க ஸ்லைட் படங்களோடு வந்துவிடுவார். சின்யோரா இரண்டாவது படத்திலேயே குறட்டை விட்டுவிடுவா. கோப்பித் தட்டோடு நிற்கிற நான்தான் அவருக்குச் சபை. நல்ல மனிதர்தான், ஆனால் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

எனக்கு அப்போது ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். தங்கி வேலைசெய்கிறவள் பிள்ளையை எங்கே வைத்திருப்பாள்? கணவர் மிலானோவில் ஒரு சமையலறையில் வேலை. மகளைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. ஞாயிறு காலை கூட்டிவந்து, நகரின் ஒரேத்தோப் பகுதியில் ஊர்க்கார அக்கா ஒருத்தியின் வீட்டில் இருவரும் சோறு தின்று, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஞாயிறு மட்டும்தான்.

அந்தக் கோடை தொடங்கியபோது மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்யோரா சொன்னா. தானே ஞானத்தாயாக நிற்பாவாம். வெள்ளைச் சட்டைக்குத் துணியும் எடுத்துவிட்டா. ஞானஸ்நானம் பெற்றால் பிள்ளை வளர்ந்து பெரியவளாகும் வரை கன்னியாஸ்திரிகளே பொறுப்பெடுப்பார்கள், கோடை முழுக்கக் கடலோரப் பகேரியாவில் உள்ள தங்கள் வீட்டில் வைத்திருப்பார்கள், எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான் என்றா. நான் அக்காவிடம் கேட்டேன். அவ நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு, வெறுங்காலோடு மலையேறி, நகரத்தின் காவல் புனிதையான சந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவ.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு? ஊரிலை மடுமாதாவிட்டைப் போகேல்லையே நாங்கள்? கோயில்லை தீர்த்தம் தெளிக்கிற மாதிரித்தான். ஒரு சாமி கூடினால் பிள்ளைக்குக் காவல் கூடும்."

"ஓமக்கா, நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றேன். அவ்வளவுதான், அன்றிரவே சின்யோராவிடம் தலையாட்டிவிட்டேன். ஆழமறியாமல் காலை விடுகிறதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் மத்தியானம் துறவி வந்தார். கூடத்துச் சுவரில் நீலக்கடல் விரிந்தது. பலகைகளைக் கோத்துத் தார் பூசிய வள்ளங்கள் வந்தன. கவிழ்த்து வைத்த கடகங்கள் மாதிரி நாணல் வீடுகள் வந்தன. ஒரு சித்திரத்தில் பெண்ணொருத்தி இடித்த ஓக் கொட்டை மாவுக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கசப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். வெக்கையில் என் கண் சொருகியது. படம் மாறிய பிறகும் அவள் சுவரை விட்டுப் போகவில்லை என்று தோன்றியது. எனக்குப் பக்கத்தில் வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவளும் படம் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு ஏனோ பயம் வரவில்லை.

துறவியின் குரல் தூரத்தில் கேட்டது. மிஷனில் மணிதான் எல்லாம். எழும்ப மணி, செபத்துக்கு மணி, கூழுக்கு மணி, வயலுக்கும் தறிக்கும் மணி. தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் பிறகு நினைத்தபடி தங்கள் ஊருக்குத் திரும்ப முடியாது. திரும்பிப் போனவர்களைச் சிப்பாய்கள் தேடிப் பிடித்து வந்தார்கள். இதோ, இது பெண்பிள்ளைகள் படுக்கும் அறை. ஏழெட்டு வயது வந்ததும் தாயிடமிருந்து எடுத்து இங்கே படுக்கவைத்து, இரவில் பூட்டிவிடுவார்கள். எல்லாம் அவர்களின் நன்மைக்குத்தான் என்றார் அவர்.

சுவரில் மண்கல் அறையொன்று. உயரத்தில் சின்னதாய் ஒரு சாளரம்.

என் தூக்கம் போய்விட்டது. தாய்மார் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வேலைக்காரி கேள்வி கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். சில தாய்மார் பிள்ளைகளின் பின்னாலேயே வந்து தங்கள் தலையிலும் தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள் என்றார். பிள்ளையின் தலையில் ஊற்றும்போதே இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். பாவம், இன்னொரு ஆசீர்வாதம் கூடுகிறது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள் என்று சொல்லி, அடுத்த படத்தைத் தள்ளினார்.

பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே கதவுத்திரைதான் ஆடிக்கொண்டிருந்தது.

இந்தக் கன்னியாஸ்திரிகளிடம் சிப்பாயும் இல்லை, பூட்டும் இல்லை. என் பிள்ளை சுவோரா, சுவோரா என்று கூப்பிட, அவளுடைய தலையைப் பேன் பார்த்து வாரிவிடுகிறவர்கள் அவர்கள். கோபம் அவர்களில் இல்லை, என்னில்தான். பகேரியா என்றதும் கடற்காற்று என்று மகிழ்ந்தேனே, அந்தக் கோடை முழுக்க எத்தனை ஞாயிறு போய்விடும் என்று யோசித்தேனா?

சின்யோரா எழும்பியதும் சொன்னேன். ஞானஸ்நானம் வேண்டாம், மகளை என்னோடு வைத்திருக்கப்போகிறேன், இனித் தங்கி வேலைசெய்ய மாட்டேன், காலை வந்து பின்னேரம் போகிறேன். நன்றி கெட்டவள் என்றா. பெர்மெஸோவுக்கு யார் கையெழுத்து வைப்பார்கள் என்று பார்ப்போம் என்றா. அந்த விசாக் கடுதாசி இல்லையென்றால் நான் அந்த நாட்டில் ஆளே இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. சில நாள் கழித்து, எட்டு மணிக்குப் பிந்தக்கூடாது என்று மட்டும் சொன்னா. கையெழுத்தும் வைத்தா.

ஒரேத்தோவில் அக்கா வீட்டில் ஒரு பக்க அறை எடுத்தேன். ஞாயிறு மகளைக் கூட்டிவந்தேன். இனி இங்கேதான் என்று சொன்னதற்குத் தலையாட்டினாள். எனக்கோ மனம் பறந்தது. பின்னேரமானதும் தானே சப்பாத்தைப் போட்டு, பையைத் தோளில் கொழுவி, கதவடியில் போய் நின்றாள்.

"அமுனி, போவம் அம்மா. நேரம் போச்சு. சுவோரா பாத்துக்கொண்டு நிப்பா."

"நாங்கள் போகேல்லையம்மா. இனி நீ என்னோடைதான் படுக்கிறது."

"அப்ப என்ரை கட்டில்? அதிலை வேறை ஆரும் படுப்பினமே?"

அழத் தொடங்கினாள். வீட்டுக்குப் போகவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் சப்பாத்தைக் கழற்ற, அவள் திரும்பப் போட, நான் கழற்ற, என்னை அடித்தாள். இரண்டு வருடத்தில் அவளுடைய வீடு எது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அவளை இழுத்து மடியில் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி எந்த அழுகையானாலும் என் மடியில் அழட்டும் என்று, நானும் அழுதுகொண்டே இருந்தேன்.