காரணம் எழுதும் கட்டம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், பெயிண்டர் என்று பல ஊர் சுற்றிவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் வெளியே போகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் அவுட்பாஸ் போட வேண்டும். பெயர், நேரம், காரணம். சீட்டு இல்லாமல் விட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

ஒரு நாள் பதினோரு மணிக்குத் தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். மேல்விஷாரத்தில் சாவு. வேலூர் போய் பஸ் மாற வேண்டும்.

"பகல் தொழுகை முடிஞ்சா மய்யத்த எடுத்துடுவாங்கணா. ஒருவாட்டி மூஞ்சிய பாக்கணும்."

"அவங்க உனக்கு இன்னா வேணும்?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொந்தமில்லை. அவள் பிறந்தபோது தாய்க்கு டைபாய்டு. பக்கத்து வீட்டு உருதுக்கார அம்மாதான் தன் பிள்ளையோடு சேர்த்து அவளுக்கும் பால் கொடுத்தாராம். நோன்புக் கஞ்சியில் முதல் டம்ளர் அவளுக்குத்தான். கல்யாணப் புடவை எடுத்ததும் அவர்தான். அழுதபடியே சொல்லிக்கொண்டு போனாள். எதை விடுவதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் காரணக் கட்டத்தில் அடித்து என்டர் தட்டினேன். திரை வெள்ளையாகி அப்படியே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்குப் போன் செய்தேன். "காரணம்னா ரெண்டு வார்த்த. நீ இன்னா, கதையா எழுதுன? நீளமா அடிச்சா அது தாங்காதுயா, படுத்துக்கும். அணைச்சிட்டுப் போடு" என்றார்.

மறுபடி எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது. அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

"அம்மான்னு போட்டுர்றேன்மா."

"ஐயோ, எங்கம்மா உயிரோட இருக்குதுணா!"

"சரி, இவங்கள நீ எப்டி கூப்புடுவ?"

"அம்மி."

'அம்மி சாவு' என்று அடித்தேன். சீட்டு வந்தது. முதலிலேயே அதைக் கேட்டிருந்தால் மூன்றெழுத்தில் முடிந்திருக்கும்.

சாயங்காலம் பட்டியலைப் பார்த்த ஆபீசர் மதுரைக்காரர். "அம்மி செத்துப்போச்சா? ஆட்டுக்கல்லு நல்லாருக்காய்யா?" என்று சிரித்தார். உருதுவில் அம்மி என்றால் அம்மா என்று விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள்.

"தெருமுனையில எதிர்ல தூக்கினு வந்தாங்கணா. மூஞ்சிய மூடிட்டாங்க."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நேத்து அவ்ளோ அடிச்சியேணா, அது மெஷின்ல இருக்குதா?"

"இல்லமா. அப்பவே போய்ட்ச்சி."

"இன்னான்னு எழுதுன?"

நினைவிருந்தவரை சொன்னேன். நோன்புக் கஞ்சியை விட்டுவிட்டேன். அவளே எடுத்துக் கொடுத்தாள்.