தனம் வெட்டாத காப்பு

கல்யாணத்தன்று தலை குனிந்து உட்கார்ந்திருந்த தனத்துக்கு மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லை. தாலியைப் பிடித்து நெருங்கி வந்த வலது கைதான் தெரிந்தது. கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலைக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. மணிக்கட்டில் புடைத்து ஓடிய நரம்பு. இந்தக் கை இருக்கும் வரை எனக்கு என்ன குறை என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். பாவி! கையை நம்பினாள். அந்தக் கை எந்த ஊருக்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர் நல்லாங்காடு. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் கிடக்கும் சிற்றூர். அவள் புருஷன் சாமிதுரைக்கு நிலம் கொஞ்சம், பெருமை அதிகம். மாரியம்மன் திருவிழாவில் சக்தி கரகம் தூக்கும் உரிமை அவன் அப்பன் வழியில் அவனுக்கு வந்திருந்தது. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள் கிழங்கு முடிந்த முறுக்கு நூலைப் பூசாரி அவன் வலது மணிக்கட்டில் காப்பாகக் கட்டுவார். அடுத்த செவ்வாய் கரகம் இறங்கிய பிறகுதான் அதை அவிழ்க்கலாம். அதுவரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நடுவில் காப்பு அறுந்தால் ஊருக்குள் பெரியம்மை இறங்கும் என்று பெரியவர்களும் சொன்னார்கள், சின்னவர்களும் நம்பினார்கள்.

யுத்த காலம் அது. பெரம்பலூர் பஸ்களெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருஷமும் காப்புக் கட்டினார்கள். மறுநாள் கோயில் திடலில் சடுகுடு. காப்புக் கட்டியவன் ஆட்டத்தில் இறங்குவது வழக்கமில்லை. சாமிதுரையும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தான். செட்டிகுளம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆட்டக்காரன் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“என்னாப்பா, ஒங்க ஊரு சிங்கம் கையில மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டுப் புதுப்பொண்ணு கணக்கா குந்தியிருக்கு? பூவும் வாங்கியாரட்டுமா?”

திடல் சிரித்தது. சாமிதுரையின் முகம் சிவந்தது. அவனுடைய பெரியப்பா மகன் வீரமுத்து பக்கத்தில் நின்றிருந்தான். ஊரில் அவன் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது.

“எறங்குடா தம்பி. அம்மன் கயிறே கையில இருக்கு. ஒன்னை எவன் புடிப்பான்?” என்றான் வீரமுத்து.

இறங்கினான். பிடித்துவிட்டார்கள். நான்கு பேர் மேலே விழ, ஊன்றிய வலது கை அடியில் சிக்கிச் சுள்ளி முறிவதுபோல் முறிந்தது.

பக்கத்து ஊர் எலும்பு வைத்தியர் ராசாங்கத்தை அழைத்து வந்தார்கள். முன்கையைத் தடவிப் பார்த்து, இழுத்து, எலும்பை நேராகப் பொருத்தினார். உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தக் காப்பைக் கழட்டுங்க. கை வீங்கும்.”

“காப்பைக் கழட்டுறதா? நல்லாச் சொன்னீரு வைத்தியரே! அதுக்கு மேலயே கட்டும்” என்றான் வீரமுத்து.

ராசாங்கம் தயங்கினார். வெளியூர்க்காரர் அவர். காப்பின் மேலேயே மாவைப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். மாவு காய்ந்ததும் கட்டும் காப்பும் ஒரே ஓடாக இறுகிவிட்டன. இனி ஒன்றை அறுக்காமல் மற்றொன்றை எடுக்க முடியாது.

அன்று மாலையே வலி தொடங்கியது. முறிந்த வலி அல்ல, வேறு வலி. கையைத் தலையணை மேல் வைத்தாலும் வலி, தொங்கவிட்டாலும் வலி. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெள்ளரிப் பிஞ்சாக வீங்கின. மறுநாள் நீலம் பாரித்தன. தனம் விரலைக் கிள்ளினாள்.

“தெரியுதாங்க?”

“எது புள்ள?”

கிள்ளியதே அவனுக்குத் தெரியவில்லை.

கூப்பிடாமலே ராசாங்கம் வந்து பார்த்தார். விரலைத் தொட்டவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சில்லுன்னு இருக்கு. ரத்தம் எறங்கல. இப்பவே கட்டை வெட்டணும். இல்லேன்னா சதை செத்துடும்.”

“காப்பு இருக்கு” என்றான் வாசலில் நின்ற வீரமுத்து.

“கை இருந்தாத்தானே காப்பு, அய்யா?”

“கட்டுறது ஒம்ம வேலை. காப்பு ஊரு வேலை. பொத்திக்கிட்டுப் போவும்.”

ராசாங்கம் எழுந்தார். போகிற போக்கில் மடியிலிருந்த பேனாக்கத்தியைத் தனத்தின் முந்தானையில் போட்டுவிட்டுக் கிசுகிசுத்தார்: “நான் வெட்டுனா என்னைய மரத்துல கட்டி வச்சு அடிப்பானுவோ. நீ பொண்டாட்டிம்மா. வெட்டிடு. ஊரு நாலு நாளு ஏசும், அம்புட்டுதான்.”

தனம் கத்தியை விரித்தாள். சாமிதுரை பல்லைக் கடித்துக்கொண்டு கையை அவள் மடியில் வைத்தான்.

“வெட்டு புள்ள. தாங்க முடியல. அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

கத்தியின் முனை துணிக்குள் இறங்கியது. அப்போது வீரமுத்து உள்ளே வந்தான். தடுக்கவில்லை. பிடுங்கவும் இல்லை. சட்டியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அவர்கள் குழந்தை பாப்பாத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிள்ளையின் கன்னத்தைத் தடவினான்.

“வெட்டு தனம். தாராளமா வெட்டு. அம்மை வாத்தா மொதல்ல யாரு வூட்டுக்கு வரும்? காப்பு அறுத்த வூட்டுக்குத்தானே?”

“மாமா!” என்று அலறினாள் தனம். “புள்ளயக் கீழ வுடுங்க மாமா!”

“நான் என்னா பண்ணேன்? அம்மன் பண்றதைச் சொன்னேன்.”

குழந்தை சிரித்தது. பொக்கை வாயில் இரண்டே பற்கள். ஒரு பக்கம் புருஷனின் கை, ஒரு பக்கம் வயிற்றில் பிறந்த பிள்ளை. தாய் என்ன செய்வாள்? கத்தி மடங்கியது. சாமிதுரை அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். கையைத் தானே மடியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவன் கரகம் தூக்கினான். கரகம் தலையில் நிற்பது. அதற்குக் கை வேண்டாம். கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கிய கையோடு ஜுரத்தில் ஆடி ஆடி வந்தவனைப் பார்த்து ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அருள் வந்திருக்கிறது என்றார்கள். வலி வந்திருக்கிறது என்று தனத்துக்கு மட்டும் தெரியும்.

அதன் பிறகு கட்டைப் பிரித்தார்கள். காப்பு மணிக்கட்டுச் சதைக்குள் புதைந்திருந்தது. நாள் ஆக ஆக முன்கை வற்றியது. விரல்கள் பருந்தின் கால்போல உள்ளே மடங்கி, அப்படியே நின்றுவிட்டன.

வண்டி கட்டி அரியலூருக்குப் போய், பட்டாளத்துச் சிப்பாய்கள் நெருக்கியடித்த ரயிலில் ஏறி, திருச்சிக்கு அவனை அழைத்துப் போனாள் தனம். அங்கே வேணுகோபால் என்று ஒரு டாக்டர். கட்டு இறுகி முடங்கிய கைகளைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த நேரத்தில் அவிழ்த்தால் கை பிழைக்கும், பிழைக்காத கையை எவ்வளவு தூரம் மீட்கலாம் என்பதே அவருடைய கேள்வி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எலும்பு ரொம்ப அழகா சேர்ந்திருக்கு. கட்டினவர் கைதேர்ந்தவர்தான். சதைதாம்மா ரத்தம் இல்லாம செத்துப் போச்சு. விரல் நீலமான அன்னிக்கே கட்டைத் தளர்த்தியிருந்தா இந்தக் கை இன்னிக்கு ஏர் பிடிக்கும்.”

தனம் அந்த மடங்கிய விரல்களை முந்தானையால் மூடினாள்.

டாக்டர் கையைப் பல பக்கமாகத் திருப்பிப் படம் பிடித்தார். “இதை மத்த டாக்டர்களுக்குக் காட்டணும். இன்னும் பல பேரோட கை பிழைக்கும்.”

“இவரு கையிங்க?” என்றாள் தனம்.

அவர் படத்தைக் கீழே வைத்தார். “முழுசா வராது. ஆனா உழைச்சா கொஞ்சம் வரும். விட்டுட்டா அந்தக் கொஞ்சமும் போயிடும்” என்றார். வெந்நீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக மெல்ல நிமிர்த்தி, பலகையில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டச் சொன்னார். “வெடுக்குன்னு இழுக்காதீங்க. இன்னிக்கு எள்ளளவு, நாளைக்கு எள்ளளவு. அவரும் களிமண்ணைப் பிசைஞ்சு பிடிச்சுப் பழகணும்.”

பகலெல்லாம் தனமே கமலை ஓட்டினாள். “பொம்பள ஓட்டுனா கெணறு வத்திடும்டியோவ்!” என்று வரப்பில் போகிறவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கூப்பிடுவாள். அவன் வந்து கையை அவள் மடியில் வைப்பான். அந்த ஒரு நேரம்தான் இருவருக்கும் கல்யாண வாழ்க்கை. “மெதுவா இழுடி, வாடகை மாடா நானு?” என்று அவன் சில நாள் சிரிக்கக்கூடச் செய்வான்.

ஆடியில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. காப்பு அறுபடாத ஊருக்குள்தான் வந்தது. முதலில் யார் வீட்டுக்கு என்று கேட்கிறீர்களா? பாப்பாத்தியை வேப்பிலையில் கிடத்திய பிறகு மாரியம்மன் திருப்பித் தரவில்லை. அந்த இரண்டு பற்கள் நான்காகியிருந்தன. “காப்போட சடுகுடு ஆடுனான் பாரு, அதான்” என்றது ஊர். அதற்குப் பிறகு தனத்தின் வயிற்றில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை.

பிள்ளை போன வீட்டிலும் சாயங்காலம் வெந்நீர் கொதித்தது. விரல்கள் எள்ளளவு எள்ளளவாக நிமிர்ந்தன. செம்பைப் பிடித்தான். ஒருநாள் சோற்றைத் தானே பிசைந்தான். அன்று இருவரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்த சித்திரை வந்தது. காப்புக் கட்டும் நாளில் சாமிதுரை குளித்து மஞ்சள் வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனான். எல்லோர் முன்னிலையிலும் வலது கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின, ஆனால் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றன. இதற்காகத்தானே வருஷம் முழுவதும் வலியைக் குடித்தான்!

பூசாரி நூலோடு நின்றார். வீரமுத்துவைப் பார்த்தார்.

“ஊனக் கையில காப்புக் கட்டுறது மொறை இல்ல தம்பி. மனசுல வச்சுக்காத” என்றான் வீரமுத்து.

“இந்தக் கை எப்படி ஊனமாச்சுண்ணே?”

வீரமுத்து தன் வலது கையை நீட்டினான். மஞ்சள் நூல் அந்தக் கையில் ஏறியது. கரகம் அவன் வீட்டுக்குப் போயிற்று.

சாமிதுரை சண்டை போடவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது. ஆனாலும் சாயங்காலத்தில் கையை மடியில் வைப்பதை அவன் நிறுத்தவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த மறு சித்திரை. கரகத்துக்கு நீர் எடுக்கக் கிணற்றில் இறங்கிய வீரமுத்து பாசியில் வழுக்கினான். வலது முன்கை முறிந்தது. காப்புக் கட்டி இரண்டாம் நாள். ராசாங்கம் வந்தார். கை காப்பைப் பிதுக்கிக்கொண்டு வீங்கியிருந்தது.

“காப்போட நான் கட்ட மாட்டேன். ஒரு தரம் கட்டிப் பாத்துட்டேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அவர். “வெட்டுறதும் என் வேலை இல்ல. ஊரு வேலை.”

“அறுங்கடா!” என்று கத்தினான் வீரமுத்து.

பூசாரி பின்வாங்கினார். ஒருவர் கையும் கத்தியைத் தொடவில்லை. எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: “தனத்தைக் கூப்புடுங்க. புள்ளயப் பறிகொடுத்தவ. அவளுக்கு இனி என்னா போவப்போவுது?”

கூப்பிட்டார்கள். அவளும் வந்தாள். ராசாங்கம் அன்று முந்தானையில் போட்ட அதே பேனாக்கத்தியை எடுத்து வந்தாள்.

“வெட்டு தாயி” என்றான் வீரமுத்து. வியர்வை வழிந்தது.

“காப்பாச்சே மாமா.”

“அம்மன் நம்ம தாய் இல்லையா? தாயி கோவிச்சுக்குவாளா?”

“ஊருல அம்மை வாத்தா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “மொதல்ல வெட்டு புள்ள!”

தனம் அந்தக் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் நீலமாகத் தொடங்கியிருந்தன. அந்த நீலம் அவளுக்குத் தெரிந்த நீலம். இப்படியே எழுந்து போய்விடலாம். யாரும் கேட்க முடியாது. மனசு போ போ என்றது. அவள் கை கேட்கவில்லை. நூலுக்கு அடியில் கத்தியை விட்டாள். ஒரே இழுப்பு. காப்பு மண்ணில் விழுந்தது. இடி விழவில்லை. மழைகூடப் பெய்யவில்லை.

அந்த வருஷம் ஊரில் யாருக்கும் அம்மை வரவில்லை. அம்மனுக்குப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். வீரமுத்துவின் கை நேராகக் கூடியது.

அன்று வீடு திரும்பிய தனம் வழக்கம்போல் வெந்நீர் வைத்தாள். சாமிதுரை அடுப்பு நெருப்பைப் பார்த்தபடி கேட்டான்.

“வெட்டுனியா?”

“வெட்டுனேன்.”

“கை பொழச்சிடுமா?”

“பொழச்சிடுங்க.”

தலையை ஆட்டினான். தனம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு மடியை விரித்து உட்கார்ந்தாள். அவன் வரவில்லை. வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

“கையைக் குடுங்க” என்றாள்.

“போதும் புள்ள.”

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அவன் கொடுக்கவே இல்லை. எள்ளளவு எள்ளளவாக நிமிர்ந்த விரல்கள் எள்ளளவு எள்ளளவாகத் திரும்ப மடங்கின. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தக் கையில் செம்பு நிற்கவில்லை. சோற்றைத் தனமே பிசைந்து ஊட்டினாள். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.