தடி காட்டிய திசை

புத்த பூர்ணிமா அன்று காலை பதினொன்று இருபதுக்கு, டெல்லியின் அந்தப் பழைய புத்தர் கோயிலில், என் ஒன்பது வயது மகள் கையை விட்டுப் போனாள். சன்னதியைச் சுற்றி வந்த கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. பின்னால்தான் இருப்பாள் என்று திரும்பி ஓடினேன். காவலாளி மூங்கில் தடியைக் குறுக்கே நீட்டினார். சாயம் போன காக்கிச் சட்டை, பான் கறை படிந்த உதடு. யார் முகத்தையும் பார்க்காமல், கால்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்.

“உல்டா நஹி, மேடம்! இந்தப் பக்கமா சுத்துங்க!”

“பையா, என் பொண்ணைக் காணோம்!” என்று அவரை அண்ணனாக அழைத்து இந்தியில் கெஞ்சினேன்.

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. முன்னால போய்த் தேடுங்க, ஜல்தி!”

நம் கோயிலிலும் இடமாகச் சுற்றுவதில்லைதான். ஆனால் பிள்ளையைத் தேடி ஓடினால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்? அழுதுகொண்டே சுற்றி வந்தேன். திரும்பி ஓட முயன்றபோதெல்லாம் தடி நீண்டது. கடைசியில் நடக்க முடியாமல் அவர் எதிரிலேயே நின்றுவிட்டேன்.

“நிக்காதீங்க, வழிய விடுங்க!”

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள், கன்னமெல்லாம் கண்ணீர்.

“அம்மா, எங்க போன? நானும் உன்னைத் தேடித் திரும்பினேன். இந்த பையாதான் தடியைக் காட்டி, சுத்து சுத்துன்னு விரட்டிட்டே இருந்தாரு.”