தீபாவளிக்கு வந்த மூன்று டாக்டர்கள்

அந்தத் தீபாவளி விடுமுறையில் எங்கள் கிள்ளான் வீட்டு வரவேற்பறை மேசையில், முறுக்கு டின்னுக்கும் நெய்யுருண்டை டின்னுக்கும் நடுவே ஒரு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உட்கார்ந்திருந்தது. கையில் சுற்றும் நீலப் பட்டை, ஒரு சின்னத் திரை, அமுக்குவதற்கு ஒரு பொத்தான். திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ரத்தக் கொதிப்பு கிடையாது. அம்மா அதை எதற்காக வாங்கி வைத்திருந்தாள் என்பது வீட்டுக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போது நான் கடலுக்கு அப்பால் சபா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பருவத்தின் நடுவில் வரும் ஒரு வார விடுமுறை அந்த ஆண்டு தீபாவளியோடு சேர்ந்து வந்தது. என்னோடு அதே படிப்பு படித்து, ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு தோழிகளையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒருத்தி சபாவின் மலைப்பக்கத்துக் கடசான் பழங்குடிப் பெண். கடல் தாண்டி வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மற்றவள் கிளந்தான்காரி, மலாய்ப் பெண்; ஐந்து வேளையும் தொழுகிறவள், பொய் என்றால் விளையாட்டுக்கும் சொல்லமாட்டாள். எங்கள் மூவருக்கும் பொது மொழி மலாய். அவர்களுக்குக் கோலாலம்பூரைக் காட்ட வேண்டும், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலையில் சாப்பிட வைக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் தூங்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், காரில் அம்மா முன்னிருக்கையிலிருந்து திரும்பி, தோழிகளைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டு, அவர்களுக்குப் புரியாத தமிழில் என்னிடம் சொன்னாள்: "பாப்பா, நீ மெடிசின் படிக்கிறேன்னு மாமா வீட்டுல சொல்லியிருக்கேன். நீ ஒன்னும் மாத்திப் பேசிடாத லா."

எப்போது சொன்னாய் என்று கேட்டேன். நான் சபாவுக்குக் கிளம்பிய சமயத்திலேயே சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, அந்தக் கார்ப் பயணத்துக்குள்ளேயே மூன்று விதமான பதில்கள் வந்தன. முதலில், தான் 'சயன்ஸ்' என்று சொன்னதை அவர்கள் 'மெடிசின்' என்று எடுத்துக்கொண்டார்கள் என்றாள். பிறகு போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றாள். ஷா ஆலாம் தாண்டியதும், "இப்ப என்ன, உணவும் மருந்தும் ஒன்னுதானே" என்றாள். அப்பாவிடம் கேட்டேன், உங்களுக்கும் இது தெரியுமா என்று. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அப்பா, வாழ்நாளில் அதற்குமுன் சாலையையே பார்த்திராதவர்போல் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

மெடிசின், டாக்டர் என்ற சொற்கள் தோழிகளுக்குப் புரிந்துவிட்டன. கிளந்தான்காரி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கவலையோடு கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். சபாக்காரி சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. கிளந்தான்காரி சிரிக்கவில்லை. "நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் யாரும் கேட்காதவரை பேசாமல் இருப்பேன்" என்றாள். அம்மாவைப் பற்றி நான் அன்று தோழிகளிடம் பேசிய எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. அவள் பெற்ற பெண்ணை இருக்கிறபடியே அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் ஊராருக்கு வேறு ஒருத்தியைக் காட்டுகிறாள் என்பதுதான் அதன் சாரம். அவளுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழிலும் ஒருமுறை சொன்னேன். அம்மா கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், மற்ற எல்லாவற்றிலும் அவளைக் குறை சொல்லவே முடியவில்லை. கிளந்தான் தோழி மனம் கோணாமல் சாப்பிட வேண்டும் என்று ஹலால் கோழியும் புதுச் சட்டியும் புதுத் தட்டுகளும் வாங்கி வைத்திருந்தாள். தொழுவதற்கு எந்தத் திசை என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கேட்டு, என் அறைச் சுவரில் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தாள். சபாக்காரிக்கு இரவில் குளிருமோ என்று போர்வை எடுத்துக் கொடுத்தாள். மலையில் வளர்ந்தவளுக்குக் கிள்ளானில் குளிருமா? இரண்டே நாளில் இருவரும் அவளை 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டு சமையலறையில் அவள் பின்னாலேயே திரிந்தார்கள். நான் கோபமாக இருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

தீபாவளியன்று எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு; யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகலாம். காலை பத்து மணிக்கே உறவினர்களும் எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ளவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். அம்மா எங்கள் மூவரையும் சோபாவில் வரிசையாக உட்காரவைத்து, வந்தவர்களிடமெல்லாம், "மூனு பேரும் ஒன்னாதான் படிக்கிறாங்க" என்றாள். அது உண்மைதான். மேசையில் இருந்த கருவி மீதியைச் சொல்லிவிட்டது. முதலில் எதிர்வீட்டு ஆன்டி கையை நீட்டினார். சபாக்காரி கொஞ்சமும் தயங்காமல் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கி, திரையை முகத்தைச் சுளித்துப் பார்த்து, "உப்பைக் குறைக்கணும் ஆன்டி" என்று மலாயில் சொன்னாள். அதன்பிறகு வந்த எல்லாருக்கும் அதே மருந்துதான். உணவு அறிவியல் படிக்கிறவளிடம் வேறென்ன மருந்து இருக்கும்? ஒரு பெரியவர் கிளந்தான்காரியிடம், நீயும் டாக்டரா என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு, என்னை மன்னிக்கவே மாட்டேன் என்பதுபோல் பார்த்தாள்.

மதியம் செந்தூலிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலிலேயே குரல் கேட்கும் ஆள், அன்று சத்தமில்லாமல் வந்தார். புது வேட்டிக்குக் கீழே ஒரு காலில் மட்டும் சாம்பல் நிறக் காலுறை போட்டிருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் தோழிகளையும் அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார்.

பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. அதைச் சுற்றிப் பாதம் வீங்கிப் பளபளத்தது. ஏதோ எண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தார். அதையும் மீறி ஒரு வாடை வந்தது. அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். சபாக்காரியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"கிளினிக்குப் போனா வெட்டணும்னுதான் சொல்லுவான்" என்றார் மாமா. "நம்ம வீட்டுலயே டாக்டர் இருக்கும்போது எதுக்கு வெளிய போகணும்? நீ தீபாவளிக்கு வருவேன்னுதான் உங்க அத்தைகிட்டகூட சரியா காட்டாம வெச்சிருந்தேன். பாத்து ஒரு மருந்து சொல்லும்மா."

"மாமா, நான் டாக்டருக்குப் படிக்கல. நாங்க யாருமே படிக்கல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். "உங்கம்மா சொன்னா. புள்ள கூச்சப்படும், டாக்டர் இல்லன்னுகூட சொல்லும், நம்பாதீங்கன்னு."

அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை நான் வேறு எப்போதும் உணர்ந்ததில்லை. நான் உண்மையைச் சொல்லக்கூடும் என்பதைக்கூட முன்கூட்டியே யோசித்து, அதற்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தாள். நான் எவ்வளவு மறுக்கிறேனோ அவ்வளவுக்கு மாமாவின் நம்பிக்கை கூடியது. படிக்கிற காலத்தில் எல்லாருக்கும் பயமாகத்தான் இருக்கும், பயப்படாமல் பார் என்று எனக்கே தைரியம் சொன்னார். கிளந்தான்காரிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பி, "உன் அம்மாவைக் கூப்பிடு. அவர் சொன்னால்தான் இவர் கேட்பார்" என்றாள்.

சமையலறையில் அம்மா மீகூன் அரிசிச் சேமியாவைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். நீயே வந்து மாமாவிடம் உண்மையைச் சொல் என்றேன். "இன்னிக்கு வேணாம் பாப்பா. வீடு நெறைய ஆளு. நாளைக்கு போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள். நான் விரலின் நிறத்தைச் சொன்னேன். வாடையைச் சொன்னேன். எனக்காகவே காத்திருந்ததாக மாமா சொன்னதையும் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நடந்தபோது, அறைக்குள் போய் ரகசியமாகச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மாமா காலுறையை மாட்டிக்கொண்டு நொண்டியபடி வரவேற்பறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறை நிறைய ஆட்கள். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அவ டாக்டருக்குப் படிக்கல. பிஸ்கட்டு கெட்டுப்போகாம எப்படி வெக்கிறதுன்னு படிக்கிறா. நான்தான் பொய் சொன்னேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

எதிர்வீட்டு ஆன்டி இரண்டாவது தடவை பார்ப்பதற்காகத் தன் கையில் சுற்றியிருந்த பட்டையைத் தானே மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார். மாமா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் காலுறையைக் கழற்றினார். பார்த்ததும் அத்தையின் வாயிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு, அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

விரல் போய்விட்டது. கால் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக அப்பா போனில் சொன்னார். நாங்கள் மூவரும் மீதி விருந்தினர்களுக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி, வீட்டைக் கூட்டினோம். யாரும் எங்களிடம் கையை நீட்டவில்லை.

விடுமுறையின் மீதி நாட்களில் அம்மா என்னோடு பேசவில்லை. பொய் சொன்னவள் அவள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவளும் அவள். காலையில் மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டு போவாள். திரும்பி வந்து தோழிகளிடம் தன் பாசார் மலாயில், அந்தச் சந்தைக் கொச்சையில், மணிக்கணக்காகப் பேசுவாள். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் மூலம் சொல்லி அனுப்புவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் சபாக்காரியிடம். அவளும் என் பக்கம் திரும்பி, "உன்னைச் சாப்பிடச் சொல்கிறார்" என்பாள். நான் திட்டமிட்டிருந்தபடியே எங்களைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் அழைத்துப் போனாள். இருவருக்கும் வளையல் வாங்கி, கடை வாசலிலேயே நின்று கையில் மாட்டிவிட்டாள். எனக்கும் வாங்கினாள். அதைக் கிளந்தான்காரியிடம் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னாள். நடைபாதையில் நின்று நான் கத்தாமல் இருந்தது எப்படி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போகும் விமானத்தில்தான் சபாக்காரி சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கைகழுவப் போயிருந்தபோது, ஏன் அம்மா அப்படிச் சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டாளாம். அம்மா இலையை மடித்துவிட்டுச் சொன்னாளாம்: மெடிசினில் இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்த வாரம் இவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. உள்ளே அழுகைச் சத்தம். வெளியே போன் விடாமல் அடிக்கிறது. ஆறுதல் சொல்ல ஒவ்வொருவராக வந்தால் இன்னும் அழுவாள். அதனால் முதலில் கூப்பிட்ட அண்ணியிடம், கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். போன் அடிப்பது நின்றது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரத்தை நான் மறந்தே போயிருந்தேன். சபாவுக்குப் போய் ஒரு பருவம் முடிவதற்குள் உணவு அறிவியல் எனக்குப் பிடித்துப்போயிற்று. டாக்டர் ஆகவேண்டும் என்று ஒருகாலத்தில் அழுதது யாரோ வேறு பெண் என்பதுபோல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை. அவள் இன்னும் அந்த மூடிய கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். அது தெரிந்தும் என் கோபம் முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாமாவின் கால் என் கண்ணுக்குள் இருந்தது. இறங்கியதும் போன் செய்தேன். "போய்ச் சேந்துட்டியா? சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். அந்தத் தீபாவளியைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை.

இப்போது நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மா வீட்டிலிருந்துதான் போய் வருகிறேன். இந்த ஆண்டு என் கல்யாணம் நிச்சயமாகி, பிறகு நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். செய்தி பரவியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுப் போன் அடித்தது. நான் அறைக்குள் மடிக்கணினியில் ஆய்வுக்கூட அறிக்கை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா போனை எடுப்பது கேட்டது. இந்தத் தடவை என்ன கதை சொல்லப்போகிறாளோ, அதை நான் எத்தனை வருடம் சுமக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே எழுந்து கதவருகில் போய் நின்றேன்.

"ஆமா அண்ணி, கல்யாணம் நின்னுபோச்சு" என்றாள் அம்மா. "இல்ல, தள்ளியெல்லாம் வெக்கல. வேணாம்னு இவளே சொல்லிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யாரும் இப்ப வீட்டுக்கு வரவேணாம் அண்ணி. எல்லாருகிட்டயும் சொல்லிடுங்க. உள்ள கதவ சாத்திக்கிட்டு அழுதுகிட்டு இருக்கா."

நான் கதவைத் திறந்தேன். அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு, உள்ளே போ என்று தலையசைத்தாள்.